கழற்றி வைத்த செருப்பு

முதல் வெட்டு நேரக்காப்பாளர் மேல் விழுந்தது.

காலை நெரிசலில் பேருந்து நிலையம் பிதுங்கிக்கொண்டிருந்தது. வண்டிகள் உள்ளே நுழையும் வழியாக ஒருவன் நடந்து வந்தான். தலையில் ஹெல்மெட், தோளில் பை. அது ஆட்கள் வரும் வழி இல்லை என்பதால் நேரக்காப்பாளர் விசில் ஊதினார். அவன் நிற்கவில்லை. அவர் குறுக்கே போய்ப் பையின் வாரைப் பிடித்தார். பைக்குள் போன கை வெட்டுக்கத்தியோடு வெளியே வந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரே வீச்சு. விசில் பல்லிடுக்கில் இருந்தபடியே அவர் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்து, பிறகு ஒருபக்கமாகச் சரிந்தார்.

அதன்பிறகு அவன் ஆள் பார்த்து வெட்டவில்லை. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் எழுந்திருக்கும் முன்னே முதுகில் வாங்கினார், திரும்பியபோது வயிற்றில். தடுக்கக் கை நீட்டிய ஒரு கல்லூரி மாணவிக்கு இரண்டு விரல்கள் நடைமேடையிலேயே விழுந்தன. அந்த வெட்டு இரும்புத் தூணில் பட்டுத் தெறித்ததில், பிடி வழுக்கி அவனுடைய உள்ளங்கையும் அறுந்தது. ரத்தம் சொட்டச் சொட்டப் பின்வாசல் வழியாக ஓடினான். காய்கறிக் கடைகளின் நெரிசலில் கலந்தவனை அதற்கு மேல் எந்த கேமராவும் பார்க்கவில்லை. ஹெல்மெட் மட்டும் சாக்கடையில் கிடைத்தது.

மறுநாள் காலை வரைக்கும் போலீஸின் கையில் இருந்தது அவ்வளவுதான். நகரத்து ஆஸ்பத்திரிகள், மருந்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். கையில் ஆழமான வெட்டுக் காயத்தோடு யார் வந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும். போன்கள் வந்தன. கதவிடுக்கில் விரல் நசுங்கிய தச்சர், பாட்டில் உடைத்த குடிகாரர், தம்பியைக் கடித்து வைத்த சிறுமியின் அப்பா. வெட்டுக்காரன் மட்டும் எங்கேயும் வரவில்லை.

செத்துப்போன நேரக்காப்பாளருக்கும், ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும் கடிகாரக்காரருக்கும், விரல் போன மாணவிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உங்களுக்கு விரோதி யார் என்று மாணவியிடம் கேட்டபோது அவள் அழுதுகொண்டே, கணக்கு வாத்தியார் என்றாள்.

வழக்கைக் கையில் எடுத்த குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. நிறையப் பேசும் பழக்கம் இல்லாதவர். அந்தக் குறை வெளியே தெரியாமல் அவருடைய ஏட்டு பார்த்துக்கொண்டார். ஸ்டேஷனில் ஏட்டுக்கு ரேடியோ என்று பெயர். சர்க்கரை வியாதி, பெரிய வயிறு, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம். சாவு விழுந்த வீட்டில்கூட வாயைக் கட்ட முடியாத மனிதர்.

பேருந்து நிலையத்தின் சாமான் அறையில் ஒரு தார்ப்பாய் விரித்து, கூட்டம் சிதறி ஓடியபோது விட்டுப்போன செருப்புகளைக் குவித்திருந்தார்கள். வார் அறுந்தவை, மிதிபட்டவை, ரத்தத்தில் ஊறிக் காய்ந்தவை.

ரேடியோ குவியலைச் சுற்றி வந்தார். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு மேடம். ஆனா ஒண்ணுகூட ஜோடி சேரலை."

"ஒண்ணு சேர்ந்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

குனிந்து அவர் எடுத்தது ஒரு பெண்ணின் குதிகால் உயர்ந்த செருப்பு. இரண்டு காலும் இருந்தன. வார் அறவில்லை, மிதிபடவில்லை. அது கிடந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள். மூன்றாவது நடைமேடைத் தூணின் அடியில் இரண்டும் ஒட்டி நின்றன, வீட்டு வாசலில் விட்டதுபோல.

உயிர் பயத்தில் ஓடுகிறவனுக்குச் செருப்பு தானாகக் கழன்று விழும். ஒன்று இங்கே, ஒன்று பத்தடி தள்ளி. இந்தச் செருப்பு விழவில்லை. இதைக் கழற்றி வைத்திருக்கிறாள் ஒருத்தி. குதிகால் செருப்போடு ஓட முடியாது என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. அந்தக் களேபரத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத நேரம் இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இருவரும் கேமரா அறைக்குப் போனார்கள். அதுவரை எல்லோரும் முதல் வெட்டிலிருந்துதான் படத்தைப் பார்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அதற்கு முன்னால் போகச் சொன்னார். விசிலுக்கு முன்னால். ஹெல்மெட்காரன் வாசலில் தலைகாட்டிய நொடிக்கு.

தூணருகே வெளிர்நீலச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே விறைத்தாள். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். சுற்றி நின்றவர்கள் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் விசில். அதற்கும் பிறகுதான் கத்தி.

ஓடிய பெண் டிக்கெட் கவுண்டர் அருகே நின்றாள். திரும்பினாள். கையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் அலறலுக்கு நடுவே அப்படியே நின்று பார்த்தாள். யாரோ இடித்துத் தள்ளிய பிறகுதான் மறுபடி ஓடினாள். அப்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

"முகம் தெரியாத ஒருத்தன். கத்தி இன்னும் பைக்குள்ள இருக்கு. இவ எதைப் பாத்து ஓடுறா ரேடியோ?"

"நானா இருந்தாலும் ஓடியிருப்பேன் மேடம். நம்ம ஊர்ல வண்டி ஓட்டறப்பவே எவனும் ஹெல்மெட் போட மாட்டான். இவன் நடக்கறப்பப் போட்டிருக்கான்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முகம் வேண்டாம், உடம்பைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும் அளவுக்கு அவனை அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். வெட்டுப்பட்ட மூன்று பேருக்கும் விரோதி யார் என்று இத்தனை நேரம் விசாரித்தது வீண். கேட்க வேண்டியது வெட்டுப்படாத ஒருத்தியிடம். அவன் வந்தது அவளுக்காக. மற்றவர்கள் குறுக்கே நின்றார்கள், அவ்வளவுதான்.

சீருடைப் பையின் மேல் சிவப்பில் ஒரு சொட்டு வரைந்திருந்தது. அதைப் பார்த்ததும் ரேடியோவின் முகம் கசந்தது. அது மாதாமாதம் அவர் சர்க்கரை பார்க்கப் போகிற ரத்தப் பரிசோதனை நிலையம்.

பரிசோதனை நிலையம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்தது. அந்தப் பெண் வேலைக்கு வந்திருந்தாள். நேற்று கண்ணெதிரே ஆள் சரிந்ததைப் பார்த்தவளின் கை இன்று நடுங்கவே இல்லை. வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தைக் கலைக்க வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் ஜாடை காட்ட, ரேடியோ தியாகம் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ரத்தம் எடுத்து முடித்ததும் அவள் ஊசி குத்திய இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். பஞ்சும் பிளாஸ்திரியும் தீர்ந்துவிட்டது, கொஞ்ச நேரம் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். ரத்தம் எடுக்கிற கடையில் பஞ்சு இல்லை என்பது சோற்றுக் கடையில் சோறு இல்லை என்கிற மாதிரி இருக்கிறதே என்று ரேடியோ முனகினார்.

அறை காலியானதும் இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுச் செருப்பை மேஜைமேல் வைத்தார்.

அவள் முதலில் தன்னுடையது இல்லை என்றாள். இன்ஸ்பெக்டர் எதிர்த்துப் பேசவில்லை. விசிலுக்கு முன்னாலேயே நீங்கள் ஓடியது கேமராவில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நேரக்காப்பாளருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றும் சொன்னார். அவள் கையுறையை மெதுவாகக் கழற்றினாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், அல்லது சொன்னதுபோல் இருந்தது.

முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்குச் சந்தேகம். ஒருநாள் சமையலறையில் வயிற்றில் குத்திவிட்டான். பிழைத்து வந்தவள் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். நாத்தனார், அண்ணி தானாகத்தான் கத்தியில் விழுந்தாள் என்று பொய் சொன்னாள். அப்படியும் அவனுக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. இவள் இந்தப் பக்கம் வந்து தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டாள். புருஷன் போன மாதம் ஜெயிலிலேயே நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். சாவுக்குப் போனபோது கொழுந்தன் எல்லோர் முன்னாலும் இவள் கழுத்தைக் காட்டி, அண்ணன் போன இடத்துக்கே உன்னையும் அனுப்புகிறேன் என்றான். இருசக்கர வண்டி பழுதுபார்க்கிற கொட்டகை வைத்திருக்கிறான்.

"அவன்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நடை மேடம். என் வீட்டுக்காரர் நடந்து வர்ற மாதிரியே இருந்துச்சு. செத்தவர் எந்திரிச்சு வந்துட்டார்னு நெனச்சேன்."

"நடுவுல ஏன் நின்னீங்க?"

"மூச்சு வாங்குச்சு."

சாதாரண உடையில் ஒரு பெண் போலீஸை அவளுக்குக் காவலாக வாசலில் நிறுத்திவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

கொழுந்தன் ஒரு வண்டியின் அடியில் மல்லாக்கப் படுத்திருந்தான். காக்கி பேண்டைப் பார்த்ததும் எழுந்தான்; கையிலிருந்த ஸ்பானரை இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து வீசினான். அது காதை உரசிக்கொண்டு போய்த் தகரத்தைக் கிழித்தது. அடுத்து அவன் சங்கிலியை எடுத்துச் சுழற்ற, ரேடியோவின் தோளில் ஒன்று சரியாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் லத்தியை அவன் முழங்காலில் இறக்கினார். மடங்கியவனின் தலை வண்டியின் புகைக்குழாயில் மோதி, புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. மேலே ரேடியோ உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷமாக டாக்டர் குறைக்கச் சொல்கிற எடை இன்றுதான் அரசாங்கத்துக்குப் பயன்பட்டது என்றார்.

நேற்றுக் காலை எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு அவன் காறித் துப்பிவிட்டுச் சிரித்தான். ஒரு அடிதடி கேஸில் ஜாமீனில் இருக்கிறானாம். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று ரைட்டர் வர நேரமானதால் பெஞ்சிலேயே காத்துக் கிடந்திருக்கிறான். இப்போது நீங்கள் ஜாமீனை ரத்து செய்ய வந்ததாக நினைத்துத்தான் அடித்தேன் என்றான். ரேடியோ அந்த ஸ்டேஷனுக்கு போன் செய்து கேட்டுவிட்டு, போனைப் பையில் போட்டார்.

"நிஜம்தான் மேடம். வெட்டு விழுந்த நேரத்துல இவன் நம்ம ஆளுங்க முன்னாடிதான் உட்கார்ந்திருக்கான். சாட்சிக்கு டிபார்ட்மெண்டே வரணும்."

இன்ஸ்பெக்டர் கொட்டகையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆணியில் ஒல்லியான ஆள் போடுகிற சட்டைகள் இரண்டு. கொழுந்தனுடைய தோளில் பாதிகூட அதில் நுழையாது. பாய்க்கு மேலே, சுவரில், செத்துப்போன அண்ணனின் படம்.

இது யாருடையது என்று கேட்டார். கொழுந்தன் முதல்முறையாகத் தயங்கினான். அண்ணன் மகன் என்றான். பத்தொன்பது வயசு. அவனுடைய அப்பா ஜெயிலுக்குப் போனதிலிருந்து இவர்கள்தான் வளர்த்தது. முந்தாநாள் போனவன் இன்னும் வரவில்லை. என்ன சொல்லி வளர்த்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவன் தலையைத் தொங்கப் போட்டான். உங்கப்பனை உள்ளே தள்ளிச் சாகடித்தது உங்கம்மாதான், வேறென்ன சொல்வது என்றான். இறைச்சிக் கடைக்காரர் சாணை பிடிக்கக் கொடுத்திருந்த வெட்டுக்கத்தி ஒன்று கொட்டகையில் காணாமல் போயிருப்பதை அப்புறம்தான் சொன்னான். இப்போது அவன் குரல் உடைந்திருந்தது. படுபாவிப் பயல், நான் வாயால சொன்னதை அவன் கையால செஞ்சுட்டானே என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். கிழிந்த புருவத்திலேயே அடித்தான்.

இருவரும் ஜீப்பில் ஏறினார்கள். இன்ஸ்பெக்டர் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அந்தப் பெண் தன் குடும்பத்தில் ஒருவரையும் விடவில்லை. புருஷன், மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லோரையும் சொன்னாள். தனக்கு ஒரு பிள்ளை இருப்பதை மட்டும் சொல்லவில்லை. எந்த அம்மாவும் மறக்கிற விஷயமா அது? அவள் சொன்ன நடை பொய்யில்லை. முதலில் செத்த புருஷன் என்று நினைத்துத்தான் ஓடியிருக்கிறாள். டிக்கெட் கவுண்டர் அருகே புத்தி வந்து திரும்பிப் பார்த்தபோதுதான், அந்த நடையை வேறு யாரால் நடக்க முடியும் என்று புரிந்திருக்கிறது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுகிறவர்கள் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ரேடியோ பதறினார். அப்படியானால் அந்தம்மாவுக்குத்தான் இப்போது ஆபத்து, பையன் எந்த நேரமும் அவளைத் தேடி வருவான், காவலுக்கு இன்னும் நாலு பேரைப் போட வேண்டும் என்றார்.

"தேடி வந்துட்டான் ரேடியோ. நேத்தே வந்துட்டான்."

ரேடியோவுக்குப் புரியவில்லை.

"கை கிழிஞ்சவன் ஏன் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலை? ரத்தம் எடுக்கிற இடத்துல ஏன் பஞ்சு இல்லை?"

ரேடியோ தன் கையைப் பார்த்தார். அவள் கட்டைவிரல் அழுத்திய இடம் லேசாக நீலம் பாரித்திருந்தது. அந்த நகரத்தில் தையல் போடத் தெரிந்து, வாயைத் திறக்காத ஒரே நர்ஸிடம் அவன் போயிருந்தான். ரேடியோ அதற்குப் பிறகு வழி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை.

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் போனில் வந்தாள். அந்தம்மா தலைவலி என்று பாதியிலேயே அனுமதி கேட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறேன் என்றாள். வழியில் மருந்துக் கடையில் நின்று காய்ச்சல் மாத்திரை வாங்கினாளாம்.

வீடு ஒரு குறுகலான சந்தில் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை. மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கீழ் வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கூடுதல் படை வர நேரமாகும். அதற்குள் அவன் கீழே இறங்கிவிட்டால் சந்து முழுக்க ஜனங்கள். கதவைத் தட்டினார்.

அவள் ஒரு விரற்கடை அளவுக்குத் திறந்தாள். தலைவலி மேடம், படுத்திருந்தேன் என்றாள்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காய்ச்சல் அடிக்குதுன்னா தையல்ல சீழ் வெச்சிருக்குன்னு அர்த்தம். உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்."

அவள் முகம் கலங்கியது. உதடு பிரிந்தது. என்ன சொல்லியிருப்பாளோ, பின்னாலிருந்து ஒரு கை அவள் தலைமுடியைப் பற்றி உள்ளே இழுத்தது. கதவு படார் என்று அகன்றது. ஒல்லியான பையன். கண்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன. கட்டுப்போட்ட வலது கையில் அம்மாவின் முடி, இடது கையில் கழுவாத வெட்டுக்கத்தி. அதை அவள் கழுத்தில் வைத்திருந்தான். பலவீனமான கை என்பதால் கத்தி ஆடியது. ஆடியதிலேயே தோல் கீறி, ரத்தம் வெளிர்நீலச் சீருடையின் காலருக்குள் இறங்கியது.

"நீயே கூட்டிட்டு வந்துட்டியா? அப்பாவுக்குச் செஞ்சதை எனக்கும் செஞ்சுட்ட."

அவள் இல்லை என்று சொல்ல முயன்றாள். கத்தி இன்னும் அழுந்தியது.

ரேடியோ இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி ஒரு அடி உள்ளே வைத்தார். பேசிக்கொண்டே வந்தார். கை வலிக்குதா தம்பி, எனக்கும் தோள்பட்டை போச்சு, உங்க சித்தப்பா சங்கிலியாலயே அடிச்சுட்டார் என்று ஏதேதோ சொன்னார். பையன் கண நேரம் அவரைப் பார்த்தான். பிறகு கத்தி அம்மாவின் கழுத்தை விட்டுப் பாய்ந்தது. ரேடியோவின் முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சதை பிளந்தது. அவர் சுவரோடு சரிந்தார். கத்தி மறுபடி ஓங்கியது, இந்த முறை அவர் தலைக்கு நேராக.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். தன் முடியைப் பிடித்திருந்த கையை இரண்டு கைகளாலும் பற்றி, கட்டுக்கு மேலாக, தான் போட்ட தையல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த கட்டைவிரலை அதில் ஊன்றினாள். முழுபலத்தோடு. ஒவ்வொரு தையலாகத் தெறிக்கிற அளவுக்கு.

அவன் "அம்மா" என்று கத்தினான். அந்தச் சத்தத்தில் சந்தே நின்றுபோனது. ஓங்கிய கத்தி பிடி தளர்ந்து தரையில் விழுந்தது. இன்ஸ்பெக்டரின் லத்தி அவன் மணிக்கட்டை முறித்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. பெண் போலீஸ் வந்துதான் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் விரல்நுனியிலிருந்து மகனின் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தரையில் சுருண்டு, சின்னக் குழந்தை மாதிரி வலிக்குது வலிக்குது என்று அழுதான். அவள் கொடியில் கிடந்த சேலையைக் கிழித்து, போலீஸ் தடுக்கத் தடுக்க, முதலில் ரேடியோவின் கையைக் கட்டினாள். அதற்கப்புறம்தான் அவனுடையதை.

மத்தியானம் கடிகாரக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரு கொலை இரண்டாயிற்று.

ஸ்டேஷன் கூடத்தில் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் கட்டு. அதே பெஞ்சின் மறுகோடியில் நேரக்காப்பாளரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். புருஷனின் பொருட்களை வாங்கிப்போக வந்தவள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை; உள்ளே பேனா, மூக்குக்கண்ணாடி, விசில். பக்கத்தில் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. கழுத்துக் கட்டைப் பார்த்து, உங்களையும் அவன்தான் வெட்டினானா என்று கேட்டாள். இவள் ஆமாம் என்பதுபோல் தலையசைத்துவிட்டு, தரையைப் பார்த்தாள். அந்தப் பெண், ரொம்ப வலிக்குதா அக்கா என்றாள்.

இன்ஸ்பெக்டர் கழுத்தில் கட்டோடு இருந்தவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். கையில் தையல் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லியும் கேட்காமல், ரேடியோ வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். வாக்குமூலம் எழுத வேண்டும். கொலைகாரன் என்று தெரிந்தே வீட்டில் வைத்துக் காப்பாற்றியவளைச் சட்டம் சும்மா விடாது. வேண்டுமென்றே போலீஸைத் தவறான ஆளிடம் அனுப்பியது வேறு. ஆனால் உயிருக்குப் பயந்து செய்தாள் என்றால் கதை மாறும். அவள் வெறும் சாட்சி.

இன்ஸ்பெக்டர் இதை ஒளிக்காமல் சொன்னார். வழக்கமாக இவ்வளவு விளக்கிச் சொல்கிறவர் இல்லை. கத்தியோடு வந்து நின்றான், உன்னைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான், அதனால்தான் தையல் போட்டாய், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தானே? ரேடியோவும் மூலையிலிருந்து, அப்படித்தான் இருந்திருக்கும்மா, வேற எப்படி இருக்கும் என்றார்.

திறந்திருந்த கதவு வழியாக அவள் கூடத்தைப் பார்த்தாள். நேரக்காப்பாளரின் மனைவி பையின் வாயைத் திருப்பித் திருப்பிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் கதவைத் திறந்ததும் அவன் என்ன சொன்னான்?" இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

ரேடியோ கட்டுப்போட்ட கையைத் தடவியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குதும்மான்னு சொன்னான் மேடம்."

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அழவும் இல்லை.

"அப்படியே எழுதுங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுதினார்.